அந்தப் படத்தில் மரமில்லாத பட்டையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கனடாவின் ராக்கி மலைகளில் குளிர்காலச் சுற்றுலா பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மா, நான் வாழும் பகுதியைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று பூரித்துப்போய், பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கட்டுரையில் குறை சொல்ல அதிகம் இல்லை. அதனுடன் முக்கால் பக்கத்துக்கு ஒரு புகைப்படம் வெளியாகியிருந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உறைந்த ஏரியின் மேல் சமுக்காளம் விரித்து ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். அவர்களில் மூவர் குழந்தைகள். ஓர் அம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுகிறார். ஸ்நோஷூக்களைக் கழற்றிப் பனியில் நட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்நோஷூ என்பது பனியில் கால் புதையாமல் நடக்கப் பூட்ஸின் அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான தட்டு. பின்னால் மலை. "வெண்பனியில் ஒரு வனபோஜனம்" என்று கீழே எழுதியிருந்தீர்கள்.

ஐயா, அந்த மலையை இன்னொரு முறை பாருங்கள். இரு பக்கமும் கரும்பச்சையாக ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. நடுவில் மட்டும் மேலிருந்து ஏரிக்கரை வரை வகிடு எடுத்ததுபோல் ஒரு வெள்ளைப் பட்டை. அங்கே ஒரு மரம்கூட இல்லை. மண் சரியில்லை என்பது காரணமாக இருக்க முடியாது, இரண்டு பக்கமும் இருப்பது அதே மண்தான். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பனிச்சரிவு அந்த வழியாக இறங்கி, முளைக்கிற மரங்களை எல்லாம் முறித்துக்கொண்டு வருகிறது. பட்டையின் அடியில், படத்தின் இடது ஓரத்தில், பனிக்கு மேல் நாலைந்து முறிந்த அடிமரங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏரியின் பரப்பு சமமாக இல்லாமல் உழுது போட்ட வயல்போல் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. அது அந்தப் பருவத்திலேயே முன்பு ஒரு நாள் இறங்கிய சரிவின் மிச்சம். அந்தக் கட்டிகளுக்கு முப்பது நாற்பது அடி தள்ளித்தான் அந்தக் குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அது எந்த ஏரி என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஏரி மட்டும்தான் ஆபத்து என்று வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நான் கணித ஆசிரியை. 2004-இல் கணவருடன் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள கல்கரி நகருக்கு வந்தேன். வந்த மூன்றாவது குளிர்காலத்தில், பழக்கமான சில குடும்பங்களோடு சேர்ந்து இதேபோல் ஒரு ஏரிக்கு ஸ்நோஷூ நடையாகப் போனோம். மலைச்சரிவின் அடியை ஒட்டி வரிசையாக நடந்துகொண்டிருந்தபோது, காலுக்கடியில் ஓர் ஒலி எழுந்தது. அரிசி மூட்டையைத் தோளிலிருந்து தரையில் போட்டால் "தொம்" என்று கேட்குமே, அதுபோல. காதில் கேட்டதைவிட அடிவயிற்றில் அதிகம் கேட்டது. பனிப் பரப்பு முழுவதும், நாங்கள் எல்லாரும் நின்ற இடம் முழுவதும், ஒரு விரற்கடை அளவு கீழே இறங்கியது. எல்லாரும் திடுக்கிட்டு நின்றோம், பிறகு சிரித்தோம். பனி நம்மை வாழ்த்துகிறது என்று ஒருவர் சொன்னார். அந்த இடத்திலேயே நின்று குழுவாகப் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மூன்று ஆண்டுகள் தொங்கியது. வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டி அந்த நாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஒலி என்னவென்று ஒரு வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். பனிச்சரிவுத் திறன் பயிற்சி, முதல் நிலை என்று இங்கே ஒரு வகுப்பு உண்டு. இரண்டு நாள்தான். ஒரு நாள் அறைக்குள், ஒரு நாள் மலையில். என்னோடு வேலை பார்க்கும் இயற்பியல் ஆசிரியை வற்புறுத்தியதால் சேர்ந்தேன். இரண்டாம் நாள் காலை எங்கள் பயிற்றுநர் பனியில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரைத் தூரிகையால் மெல்லத் துடைத்தார். கேக்கை வெட்டினால் அடுக்குகள் தெரிவதுபோல் அந்தக் குளிர்காலம் முழுவதும் அதில் தெரிந்தது. நவம்பரில் விழுந்தது, கிறிஸ்துமஸ் சமயத்தில் காற்று இறுக்கியது, முந்தின வாரம் விழுந்தது என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார். தரையை ஒட்டிய அடுக்கில் விரலை வைத்ததும், அது மணலாகச் சரிந்து கையில் கொட்டியது. அதைக் கருப்பு அட்டையில் ஏந்தி உருப்பெருக்கியோடு எங்களிடம் தந்தார். வானத்திலிருந்து விழுந்த நட்சத்திர வடிவப் பனித்துகள்கள் அங்கே இல்லை. கற்கண்டை இடித்ததுபோல் பட்டை தீட்டிய மணிகள். சிலது சிறு கிண்ணம்போல் குழிந்து, பக்கங்களில் வரிவரியாக இருந்தன. ஒன்றை ஒன்று பிடிக்காத மணிகள். உருண்டை பிடிக்கப் பார்த்தேன், நிற்கவில்லை.

இது ஏன் உருவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது. ராக்கி மலைகளின் இந்தக் கிழக்குப் பகுதியில் பனி ஆழம் குறைவு, குளிர் கடுமை. பனிக்கு அடியில் மண் ஏறக்குறைய பூச்சியம் பாகையில் இருக்கும். ஒரு முழம் மேலே காற்று மைனஸ் இருபத்தைந்தில் இருக்கும். இந்த வேறுபாட்டால் அடியில் உள்ள பழைய பனித்துகள்கள் உருகாமலே நீராவியாகி, மேல் நோக்கிக் கசிந்து, புதிய மணிகளாகக் கட்டிக்கொள்கின்றன. அந்த மணிகளுக்குள் பிணைப்பு இல்லை. அதன் மேல் அடுத்தடுத்துப் பனி விழுந்து, காற்றில் இறுகிப் பலகையாகிறது. மணல் மேல் வைத்த கான்கிரீட் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மலையின் சாய்வு 30 முதல் 45 பாகை வரை இருந்தால் அந்தப் பலகை நகரக் காத்திருக்கிறது என்று பொருள். நாங்கள் கேட்ட "தொம்", அந்த மணல் அடுக்கு எங்கள் எடையால் நொறுங்கி, மேல் பலகை உட்கார்ந்த ஒலி. நொறுங்கல் பனிக்குள் பக்கவாட்டில் ஓடும். மலைச்சரிவின் அடியில் நடப்பவர்களே மேலே இருப்பதை அவிழ்த்துவிட முடியும். அன்று அது ஓடிப்போய்ச் செங்குத்தான இடத்தை எட்டவில்லை, அவ்வளவுதான். வகுப்பிலிருந்து திரும்பிய இரவு அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதே குழியின் சுவரிலிருந்து முப்பது சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு தூணை வெட்டித் தனியாக்கினார் பயிற்றுநர். மேலே மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து விரல்நுனியால் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று வரிசையாகத் தட்ட வேண்டும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முழங்கைத் தட்டில் நான்காவது, மொத்தத்தில் பதினான்காவது. மேசை இழுப்பறை திறப்பதுபோல் தூணின் மேற்பாதி முழுசாக வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது. கனத்தது. அதுவரை பனி என்றால் பஞ்சு என்றே நினைத்திருந்தேன்.

ஆசிரியர் அவர்களே, பனிக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. என் வாழ்வில் மிக நிறைவான சில இரவுகளைப் பனியில் கூடாரம் அடித்துத்தான் கழித்திருக்கிறேன். ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை ஆல்பர்ட்டாவில் குடும்ப தினம், பள்ளிக்கு விடுமுறை. அந்த மூன்று நாளில் பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள ஸ்கோகி பள்ளத்தாக்குக்குப் போகத் திட்டமிட்டோம். இயற்பியல் ஆசிரியையும் அவர் கணவரும் பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்தார்கள். ஏற்றத்தில் வழுக்காமல் இருக்க அவற்றின் அடியில் மயிர் ஒரே திசையில் படிந்த பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். நானும் என் மகளும் ஸ்நோஷூவில் போனோம். சறுக்குக் கட்டைகள் போட்ட தடத்தின் மேல் ஸ்நோஷூவால் மிதிக்கக் கூடாது, அது கெட்டுப்போகும். பக்கத்திலேயே தனித் தடம் போட்டு நடக்க வேண்டும். லேக் லூயிஸ் பனிச்சறுக்குத் திடலின் அடிவாரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் வண்டிச்சாலை, பிறகு காட்டுப் பாதை. பாதியில் "ஹாஃப்வே ஹட்" என்ற பழைய மரக்குடில் ஒன்று உண்டு. அதற்கு அருகில் உள்ள முகாமிடத்துக்குப் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தோம்.

பனியில் கூடாரம் அடிப்பது வேறு கலை. போனதும் கூடாரத்தை விரிக்க முடியாது. ஸ்நோஷூவோடு நின்று, களத்தில் நெல் மிதிப்பதுபோல் வட்டமாக மிதித்து மிதித்துத் தளம் போட வேண்டும். பிறகு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அதை விட்டுவிட வேண்டும். மிதிபட்ட பனி தானாக இறுகிப் பாறையாகும். பொறுமையில்லாமல் உடனே அடித்தால், இரவில் முழங்கால் பட்ட இடமெல்லாம் குழி விழும். முளைக்குச்சி பனியில் நிற்காது. சின்னத் துணிப் பைகளில் பனியை நிரப்பிக் கயிறு கட்டிப் புதைக்க வேண்டும். மறுநாள் அவற்றைத் தோண்டி எடுக்க மண்வாரி வேண்டியிருந்தது.

சமையலுக்கு, பம்ப் அடித்து எரிக்கும் திரவ எரிபொருள் அடுப்பு. என் பாட்டி வைத்திருந்த பம்ப் ஸ்டவ்வும் இதுவும் ஒரே குடும்பம், ஒலியும் அதேதான். பியூட்டேன் உருளை அடுப்புகள் இந்தக் குளிரில் ஆவியாகாமல் அடங்கிவிடும். தண்ணீருக்குப் பனியை உருக்க வேண்டும். வெறும் பனியைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தால் தண்ணீரே தீய்ந்த வாசனை அடிக்கும். முதலில் இரண்டு மிடறு தண்ணீரை ஊற்றி, அதன் மேல் பனியைப் போட வேண்டும். புதுப்பனி என்றால் ஏறக்குறைய பத்துப் பாத்திரம் போட்டால் ஒரு பாத்திரம் தண்ணீர். பாட்டிலைக் கவிழ்த்து வைக்க வேண்டும், உறைவது மேலிருந்து தொடங்குவதால் மூடி இருக்கும் பக்கம் திறந்தபடி இருக்கும். வீட்டிலேயே ரவையை வறுத்து, மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கலந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. நெய் கல்லாக இருந்தது, கத்தியால் செதுக்கிப் போட்டேன். பிளாஸ்கில் கொண்டுபோன மிளகு ரசத்தை இயற்பியல் ஆசிரியையின் கணவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்த விதத்தை நான் மறக்கமாட்டேன். படுக்கும்போது கொதிக்கும் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, தூக்கப்பைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். விடிந்ததும் அதுவே குடிநீர். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஒரு காற்றும் இல்லை. நடு இரவில் மகள் என்னை எழுப்பி வெளியே அழைத்துப் போனாள். நட்சத்திர ஒளியிலேயே பனியும் மரங்களும் தெளிவாகத் தெரிந்ததைக் காட்டினாள். இருவரும் பேசாமல் நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் காலை காற்று வந்துவிட்டது. டார்மிகன் ஏரி வரை ஏறினோம். அங்கே மரம் கிடையாது, திறந்த வெளி. ஏரிக்கு அப்பால் டிசெப்ஷன் கணவாய் தெரிந்தது. ஏமாற்றுக் கணவாய் என்றே பெயர், பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றி நடக்க நடக்கத் தள்ளிப்போகும். அதன் பக்கத்தில் ஃபாசில் மலை. அதன் முகட்டிலிருந்து பனி புகைபோல் கிளம்பி, எங்கள் பக்கச் சரிவில் வந்து படிந்துகொண்டிருந்தது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் ஏற்றுகிறது என்றால், அந்தச் சரிவின் பாரம் நிமிடத்துக்கு நிமிடம் கூடுகிறது. அன்றைய பனிச்சரிவு அறிவிப்பில் மலை உச்சிப் பகுதிக்கு அபாய நிலை மூன்று.

ஆசிரியை என்ற முறையில் இந்த மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அபாய நிலை ஒன்று முதல் ஐந்து வரை. மூன்று நடுவில் வருவதால், பாதி ஆபத்து என்று மனம் கணக்குப் போடுகிறது. அது கூட்டுத் தொடர்வரிசை அல்ல, பெருக்குத் தொடர்வரிசை மாதிரி. ஒவ்வொரு படியிலும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. நான்கிலும் ஐந்திலும் மக்கள் பயந்து வீட்டில் இருந்துவிடுவார்கள். மூன்று என்றால் போய்ப் பார்க்கலாமே என்று கிளம்புகிறார்கள். பலர் உயிரிழந்தது அப்படிப்பட்ட நாள்களில்தான்.

ஏரிக்கரையில் நால்வரும் கூடி நின்று பேசினோம். சிறியவளான என் மகள்தான் முதலில் திரும்பிவிடலாம் என்றாள். ஒருவர் வேண்டாம் என்றால் எல்லாரும் திரும்புவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தோம், அதனால் அதற்கு மேல் வாதம் இல்லை. திரும்பிவிட்டோம். இரண்டாம் இரவும் அதே தளத்தில் கழிந்தது. ஸ்கோகியை அடுத்த ஆண்டு மார்ச் மாதம்தான் பார்த்தேன்.

அந்த ஃபாசில் மலையைப் பற்றி எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. முதுகலைக் கணிதம் படிக்கும்போது பேலி–வீனர் தேற்றத்தை எழுதி எழுதிப் பழகியவள் நான். அந்த ரேமண்ட் பேலி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணித அறிஞர் லிட்டில்வுட்டின் மாணவர். எங்கள் ஊர் ராமானுஜன் ஹார்டியோடும் லிட்டில்வுட்டோடும் வேலை பார்த்த அதே கல்லூரி. பேலி அமெரிக்காவுக்குப் போய் நார்பர்ட் வீனரோடு சேர்ந்து ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில் பனிச்சறுக்குக்காக இங்கே வந்தார். 1933 ஏப்ரல் 7 அன்று ஃபாசில் மலையில் தனியாகச் சறுக்கிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவில் சிக்கி இறந்தார். வயது 26. பான்ஃப் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லூரிப் பாடப் புத்தகத்தில் வெறும் பெயராக இருந்தவர். டார்மிகன் ஏரிக்கரையில் நின்று அந்த மலையைப் பார்த்தபோது, ராமானுஜன் இறந்த வயது 32 என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

பேலி காலத்தில் இதையெல்லாம் அறிய வழி குறைவு. இன்று அப்படி இல்லை. 2003 பிப்ரவரி 1 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரோஜர்ஸ் கணவாய்க்கு அருகே கானாட் கிரீக் பள்ளத்தாக்கில், கல்கரிக்குத் தெற்கே உள்ள ஒரு பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் பதினேழு பேர் பனிச்சறுக்கில் போய்க்கொண்டிருந்தபோது, மேலிருந்து சரிவு இறங்கியது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். அருகில் இருந்த இரண்டு மலை வழிகாட்டிகள் ஓடி வந்து தோண்டியதால் மற்றவர்கள் சிலர் பிழைத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு நான் இங்கே வந்தபோது, ஆசிரியர் அறைகளில் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நானும் மாணவர்களை வெளியே அழைத்துச் செல்கிறவள். அந்த ஏழு பேர் வயதில்தான் என் வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகுதான் கனடாவில் பொதுமக்களுக்கென்று தேசியப் பனிச்சரிவு மையம் 2004-இல் உருவானது. ரெவல்ஸ்டோக் நகரிலிருந்து இயங்கும் அது இப்போது அவலாஞ்ச் கனடா என்று அழைக்கப்படுகிறது. குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய அறிவிப்பை இலவசமாக வெளியிடுகிறது. பூங்கா நிர்வாகமும் நடைபாதைகளைச் சாதாரணம், சவாலானது, சிக்கலானது என்று பனிச்சரிவு நோக்கில் தரம் பிரித்து வைத்திருக்கிறது. கிளம்பும் முன் பத்து நிமிடம் செலவிட்டால் எல்லாம் கையில் இருக்கிறது, தமிழில் மட்டும் இல்லை.

மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து உதவி வந்து சேர நேரம் இருக்காது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். முழுக்கப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரை மணி தாண்டினால் பெரும்பாலும் இல்லை. கூட வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொருவரும் உடம்போடு கட்டிக்கொள்ளும் டிரான்ஸ்ஸீவர் என்ற அலைபரப்பும் கருவி, மடக்கி நீட்டும் துழாவுகோல், உலோக மண்வாரி. மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து அவரே புதைந்துவிட்டால் என்ன செய்வது? வகுப்பில் கருவியை ஒரு கோணிப்பையில் கட்டிப் புதைத்து வைத்துத் தேடச் சொன்னார்கள். இடத்தை நான் நாலு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு மீட்டர் தோண்டி எடுக்க மேலும் ஒன்பது நிமிடம் ஆயிற்று. சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிப்போயிருக்கும். பையை வெளியே இழுத்தபோது என் கைகள் நடுங்கின. பதின்மூன்று நிமிடம். பைக்குள் ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை. அதனால் ஒவ்வொரு ஆண்டும் முதல் பனி விழுந்ததும் வீட்டுக்குப் பின்னால் உள்ள பூங்காவில் மகளும் நானும் புதைத்து வைத்துத் தேடிப் பழகுகிறோம்.

இது கனடாக்காரர்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி மாண்ட பத்து வீரர்களும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் படைப்பிரிவில் பணியாற்றியவர்கள். அவர்களில் நால்வர் தமிழகத்துப் பிள்ளைகள். பனிச்சரிவு என்ற சொல்லைத் தமிழ்நாடு வீட்டுக்கு வீடு உச்சரித்தது அந்த வாரத்தில்தான். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாது லா போகும் சாலையில், பதினைந்தாம் மைல் அருகே, பனியில் இறங்கி நின்ற சுற்றுலாப் பயணிகள் மேல் சரிவு விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் மலையேறவோ சறுக்கவோ போகவில்லை, பனியைத் தொட்டுப் பார்க்கவும் படம் எடுக்கவும் போனவர்கள். மணாலிக்கும் குல்மார்குக்கும் அவுலிக்கும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இன்று எத்தனை குடும்பங்கள் போகின்றன! அவர்கள் போகும் முன் படிப்பது உங்கள் சுற்றுலாப் பக்கத்தைத்தான்.

கடலைப் பற்றி நமக்குச் சொல்லித் தர யாரும் வேண்டியதில்லை. எந்த மாதத்தில் அலை உள்ளே இழுக்கும் என்று கரையில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். காவிரியில் எந்தத் துறையில் சுழல் இருக்கிறது என்று என் பாட்டிக்குத் தெரியும். எந்தப் படித்துறைக்கு எங்களை அனுப்பலாம், எதற்கு அனுப்பக் கூடாது என்று பேர் சொல்லிச் சொல்வார். பனிக்கு நம்மிடம் அப்படி ஒரு பாட்டி இல்லை. நம் முன்னோர் யாரும் அதில் வாழவில்லை. ஆகவே நாம் அதை வெள்ளையாகவும் அழகாகவும் மட்டும் பார்க்கிறோம். அந்தப் பதினொரு பேர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இடத்தில் நானே இருந்திருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று அந்த வழியில் நடந்திருக்கமாட்டேன், என் மகளையும் நடத்திக் கூட்டிப்போயிருக்கமாட்டேன். அப்போது அவள் என் இடுப்பு உயரம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தப் படத்தை மறுபடியும் வெளியிடுங்கள், இதே அளவில், இதே பக்கத்தில். மரமில்லாத பட்டையையும் முறிந்த அடிமரங்களையும் உழுத வயல்போல் கிடக்கும் பனியையும் வட்டமிட்டுக் காட்டுங்கள். படத்தில் இருப்பவர்களின் முகங்களை மறைத்துவிடுங்கள், அவர்களை யாரும் ஏச வேண்டாம். இனி பனிப் பிரதேசங்களைப் பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம், அந்தப் பகுதிக்கு அபாய அறிவிப்பை யார் வெளியிடுகிறார்கள் என்று ஒரு வரி சேருங்கள். இந்தியாவின் இமயப் பகுதிகளுக்குச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனம் அதை வெளியிடுகிறது. ஓட்டல் வாடகைக்கும் விமானக் கட்டணத்துக்கும் பெட்டி கட்டிப் போடும் இடத்தில் அதற்கும் ஓர் இடம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். ஊதியம் வேண்டாம். எங்கள் வகுப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதிப் பார்த்து வருகிறேன். சில சொற்கள் எளிதாக வந்துவிட்டன, சிலவற்றுக்கு இன்னும் தடுமாறுகிறேன். அந்த "தொம்" ஒலிக்கு இங்கே தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். தமிழில் அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று உங்கள் வாசகர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இத்துடன் இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். ஒன்று, நீங்கள் வெளியிட்ட படம். பட்டையின் இரு ஓரங்களிலும் நான் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். மற்றது எங்கள் கூடத்தில் தொங்கிய படம். அதிலும் கோடு போட்டிருக்கிறேன். முதல் வரிசையில் நீலத் தொப்பியோடு நிற்கும் சிறுமி என் மகள். அந்தப் படத்தை நீங்கள் முகம் மறைக்காமலே வெளியிடலாம். அவளிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்தாள்.

இப்படிக்கு,
அ. மங்களம்,
கல்கரி, கனடா.